வருகைப் பதிவேடு

மத்தியானம் இரண்டேகாலுக்கு
துறைமுகத்தில் எட்டாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்களாம்.
பால்காரர் சொன்னார்,
நாளைக்கு வரமாட்டேன் என்பதையும் அதே மூச்சில்.

மேகப்படம் பார்க்கலாமென்று கம்ப்யூட்டரைப் போட்டேன்.
செம்மண்டலத்தில் மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து
நாலாயிரத்துக்கு வாங்கியது.
'எம்' எழுத்து மட்டும் யார் விரலிலோ தேய்ந்து போயிருக்கும்.
இதற்குக் காவலாக
என் கொழுந்தன் ஞானவடிவேல்
மூன்று வருடத்துக்குப் பணம் கட்டி
ஒரு மென்பொருளை உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

முகவரியைத் தட்டினேன்.
வட்டம் சுற்றியது.
'இந்தப் பக்கம் சோதிக்கப்படுகிறது.'
சரி.
அரைப் பக்கம் வந்தது, வங்கக் கடலின் மேல்பாதி.
அதில் சென்னை இருந்தது, கடலூர் இல்லை.
மறுபடி வட்டம்.
வெளியே முருங்கை ஒரு கிளையை ஒடித்துப் போட்டது
யாரிடமும் அனுமதி கேட்காமல்.

ஞானவடிவேலுக்கு ஃபோன் போட்டேன்.
'வர்ற ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான்
உள்ள விடும், அண்ணி.'
கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க முடியுமா?
'நிறுத்தினா ஆபத்து, அண்ணி.'
ஆபத்து தெருமுனைக்கு வந்துடுச்சு தம்பி
என்பதற்குள் டவர் போய்விட்டது.

இந்த வேகம் எனக்குப் புதிதில்லை.
என் வீட்டுக்காரர் சிப்காட்டில் கேட் செக்யூரிட்டி.
லாரிக்கு அடியில் கண்ணாடி நீட்டிப் பார்ப்பார்,
டிரைவரின் தீப்பெட்டியை வாங்கிவைப்பார்,
வரிசை குடிகாடு வரை நின்றாலும்
பேனாவை உதறி உதறித்தான் எழுதுவார்.
ஒருமுறை டிபன் கேரியரை மறந்துபோனார் என்று
நானே பஸ் பிடித்துக் கொண்டுபோனேன்.
பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.
பெயர்: அஞ்சலாட்சி.
பார்க்க வேண்டியவர்: க. வைத்திலிங்கம், கேட்.
நோக்கம் என்ற கட்டத்தில்
மோர்க்குழம்பு என்று எழுதினேன்.
மனுஷன் சிரிக்கவில்லை.
நேரம் போடலையே என்றார்.

இன்றைக்கு அவருக்கு இரண்டாம் ஷிப்ட்.

ஐந்து மணிக்குள் ஏழு தடவை வட்டம்.
கடைசியில் படம் முழுதாக வந்தது:
வெள்ளையாக ஒரு சக்கரம், நடுவில் துளை.
எந்த வட்டம் எதுவென்று
ஒரு கணம் எனக்கே குழம்பிவிட்டது.
படத்தில் போட்டிருந்த நேரம் ஒன்றரை.
ஓரத்தில் பச்சை டிக் முளைத்தது:
'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.'
கரண்ட் போனது.

ராத்திரியைப் பற்றி என்ன சொல்ல.
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.
தகரங்கள் தெருவில் நடந்துபோயின.
எங்கள் கூரை ஓடுகள் ஒவ்வொன்றாக
அடுத்த வீட்டு வாசலுக்குக் குடிபோயின.
பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்திருக்கும் என்று
ஒரு தடவை நினைத்தேன்,
அப்புறம் நினைக்கவில்லை.

காலை எட்டரைக்குக் கதவைத் தட்டும் சத்தம்.
மாற்று ஆள் வரவில்லையாம்.
விழுந்த மரங்களில் ஏறி இறங்கி
பச்சையாங்குப்பத்திலிருந்து நடை.
யூனிஃபார்மில் ஒரு பட்டன்தான் மிச்சம்,
கழுத்தில் விசில்.
யாரென்று கேட்காமலே
தாழ்ப்பாளை எடுத்திருந்தேன்.
உள்ளே வராமல் நின்றார்,
ஒரு கதவு இப்படித் திறப்பதை
முதல் தடவை பார்ப்பவர்போல.

பதின்மூன்றாம் நாள் கரண்ட் வந்தது.
கம்ப்யூட்டர் நிதானமாக எழுந்து
மூலையில் ஒரு கட்டம் திறந்தது:
'கடந்த இரண்டு வாரங்களில்
அச்சுறுத்தல் எதுவும் கண்டறியப்படவில்லை.'
தலைக்குமேல் தார்ப்பாய் படபடத்தது.
அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
இரண்டு தடவை படித்தார்.
பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து
திரைக்கு அடியில்
கையெழுத்துப் போட இடம் தேடினார்.