இரண்டு இடப்பக்கங்கள்

தடுப்புக் கம்பம் இறங்கிவிட்டது.
பெர்லெவோக் மலைச்சாலை மூடல்,
அடுத்த அறிவிப்பு ஆறு மணிக்கு.
என் பனித்தள்ளியின் பின்னால் பதினொரு வண்டிகள்:
ஒரு மீன் லாரி, ஒரு சவ வண்டி,
காலிதான், கேட்டுவிட்டேன்,
பல் பிடுங்கப் போகும் ரிஸ்தென் டீச்சர்.
வெளியே நண்பகல். இருட்டு.
இருக்கைக்கடியிலிருந்து பையை எடுக்கிறேன்.

எண்பத்து மூன்று.
எண்பத்து நான்கு வரவேண்டும்.
மறுபடி எண்ணினால் எண்பத்தைந்து.
கணக்கு உதைக்கிறது.

ரேடியோவை அழுத்துகிறேன்.
"ஒட்லாவ்க், கேட்கிறதா?"
மலைக்கு அந்தப் பக்கத் தடுப்பில் அவள்.
ஒன்பது வருடமாகக் குரல் தெரியும்,
முகம் இரண்டே தடவை, இரண்டும் தொப்பிக்குள்.
"காற்று வேகம் சொல்லவா?"
"வேண்டாம். ஒரு கண்ணியைக் காணோம்."
இரைச்சல். பிறகு,
"எந்த வரிசை?"
"நாற்பத்தொன்று."
"கடைசியாகக் கணக்கு ஒத்துப்போனது?"
"முப்பத்தாறில்."
"பின்னாலிருந்து விளக்கைப் பிடி. ஏணி தெரியும்."

தெரிந்தது.
ஐந்து படி கீழே
வாய் திறந்து கிடந்தது அது.
பதிவேட்டுக் கிளிப்பை நிமிர்த்தி வளைத்து
ஒவ்வொரு படியாய் மேலே இழுத்தேன்.
"ஏறிவிட்டது" என்றேன்.
"காற்று இருபத்து நான்கு" என்றாள் அவள்.

*

பத்து சென்டிமீட்டருக்கு இருபத்திரண்டு கண்ணி
என்கிறது தாள்.
எனக்குச் சில இடத்தில் இருபத்திரண்டு,
சில இடத்தில் இருபத்தைந்து.
அளவுநாடாவை முதுகில் வைத்து
வண்டிப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்தேன்.
ஜனவரி பதினான்கு, சாலை மூடல்,
வினாடிக்கு இருபத்தாறு மீட்டர்.
அந்தப் புயல் ஒரு சாண் உயரத்துக்கு
என் கார்டிகனில் இறுகிக் கிடக்கிறது.
விரல்களாலும் பல்லைக் கடித்திருக்கிறேன் போல.

அன்றிலிருந்து
காற்று இருபதைத் தாண்டினால் நாலரை ஊசி,
அடங்கினால் நாலு.
தாளில் இது இல்லை.
தாளை எழுதியவர் ஜன்னலில் வெயில் வரும் ஊர்க்காரராக இருக்கவேண்டும்.

*

இடது முன்பக்கத்துக்கு இரண்டு பக்கம் விளக்கம்.
வலதுக்கு ஒரே வரி:
"இதேபோல், எதிர்மாறாக."

இதேபோல் பின்னினேன்.
எதிர்மாறு எப்போது நழுவியது தெரியவில்லை.
பிப்ரவரியில், சூரியன் திரும்பி வந்து
மலைமேல் ஒரு மணிநேரம் உட்கார்ந்த நாளில்,
இரண்டையும் ஸ்டியரிங் மேல் விரித்துப் பார்த்தால்
இரண்டும் இடது.
இரு கையும் ஒரே பக்கம் முளைத்தவளுக்குக்
கச்சிதமாகப் பொருந்தும்.

ஒட்லாவ்க் சிரித்தது
வரிசையில் நின்ற எல்லா லாரிக்கும் கேட்டது.
"அவிழ்த்துவிடு" என்றது பின்லாந்து மீன் லாரி,
வெய்யோ, கேட்காமலே.
மூன்று வார வேலை.
சாண் ஏறினால் முழம் சறுக்குகிற மலையை
நான் ஏற்கெனவே சம்பளத்துக்கு ஏறுகிறேன்.

ரிஸ்தென் டீச்சர் சூடு தேடி என் கேபினுக்குள் வந்தாள்,
இந்த முறை வேறு பல்.
கன்னத்தைப் பிடித்தபடி
ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் போட்டாள்.
"இப்போது வலது."
"அது உள்பக்கம்."
"யார் சொன்னது?"
"தாள்."
"ஒரே வரியில் உன்னை நடுவழியில் இறக்கிவிட்டுப் போனதே,
அந்தத் தாளா?"

*

ஏப்ரலில் கடைசி வண்டித்தொடர்.
இடப்பக்கம் நான் வழித்துவிட்ட சாலைபோல வழவழப்பு.
வலப்பக்கம் முழுக்க மேடும் பள்ளமும்,
இன்னும் யாரும் தொடாத எதிர்த்தடம்.
பொத்தான்கள் நடுவில்.

அந்தப் பக்கத் தடுப்பில்
ஒட்லாவ்க் கூண்டிலிருந்து இறங்கி வந்தாள்.
தொப்பி இல்லாத தலை, செம்பட்டை நரை,
நான் நினைத்ததைவிடக் குட்டை.
கை குலுக்கவில்லை.
என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி,
முதுகின் விளிம்பைத் தூக்கி,
கீழிருந்து ஒவ்வொன்றாக எண்ணி
நாற்பத்தொன்றில் விரலை வைத்தாள்.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.