வரி 214

பரந்தன் சந்தி. கீழே ரயர்க்கடை,
மேலே நாங்கள் மூன்று பேர், இரண்டு மேசை.
சிறுபோகத் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாய்ப் பிரிக்க
ஒரு செயலி எழுதுகிறோம்.

முதல் வருசம் கிட் இல்லை.
'முறை_கடைசி', 'முறை_கடைசி2',
'முறை_உண்மையான_கடைசி_கஜீபன்'.
எந்தக் கடைசி கமக்காரரிடம் போனதென்று
வைகாசியில் ஒருதருக்கும் தெரியாது.
ஐந்தாம் வாய்க்கால் மட்டும் இரண்டுதரம் நனைந்தது.

இப்ப ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கொமிட்.
என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய், ஒரு வரி எழுது.
வினுசிகா எழுதுவாள்:
"மதகு 3 பூட்டும் நேரம் திருத்தம். முந்தியது இரவு பத்து;
அந்த நேரம் அணைக்கட்டில் யானை நிற்கும்."
கஜீபன் எழுதுவான்: "சும்மா."

நேற்று என் கிளையில் நான்
வரி 214ஐ ஆறு மணித்தியாலம் ஆக்கினேன்.
அவள் தன் கிளையில் நாலு ஆக்கியிருந்தாள்.
சேர்க்கப் போனால் கிட் மறுத்துவிட்டது.
இரண்டில் ஒன்றையும் அழிக்கவில்லை;
கூட்டிப் பிரித்து ஐந்தென்று சமாளிக்கவும் அதற்குத் தெரியாது.
நடுவில் சமக்குறிகளால் வேலி அடைத்து
என்னுடையதை மேலே, அவளுடையதைக் கீழே வைத்து
நீங்களே பேசுங்கோ என்று நின்றது.

பேசினோம்.
ரயர்க்காரர் காற்றடிக்கிறதை நிறுத்திக் கேட்குமளவுக்கு.
பிறகுதான் அமைப்புச் செயலாளருக்குப் போன் எடுத்தோம்.
"அந்த வாய்க்கால் கட்டு மாசியிலேயே உடைஞ்சுபோச்சு, தம்பி.
ஒரு சொட்டும் விட்டுடாதேங்கோ."

பூச்சியம்.

அதற்கு முதல் அங்கே எட்டு இருந்தது.
எந்த விசரன் எழுதினதென்று தேடினேன்.
கிட் பெயரைக் காட்டியது. என் பெயர்.
இரண்டு வருசத்துக்கு முன், இரவு 1:40.
"பிறகு சரிபார்க்கவும்."

கரண்ட் போட்டுது.
பரவாயில்லை; மூன்று மடிக்கணினியிலும்
முதல்நாள் பிழை தொடக்கம் முழு வரலாறும் கிடக்கிறது.
ஒன்று எரிந்தால் மற்றதிலிருந்து எடுக்கலாம்.
ஒரேயொரு பிரதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஓடி
மாத்தளன் மணலில் தவறவிட்டது என் பிறப்புப் பதிவு.
இந்தப் பாடத்தை எனக்கு
ஒருவரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

நானும் வினுசிகாவும் முறைத்துக்கொண்டிருக்க
வேலியைப் பிடுங்கி, கஜீபன்தான் தட்டினான்.
போன் டேட்டாவில் புஷ் பண்ணினோம்.
எண்பத்தேழு வீதத்தில் நின்றது.
மாங்குளம் பஸ் ஒன்று கடந்தபிறகு போனது,
அவன் எழுதின வரியோடு:

"சும்மா இல்லை. கட்டு உடைவு. 214 பூச்சியம்."