அறுபத்தொன்றாம் படம்

கொழிஞ்சாம்பாறையில் துருவ நட்சத்திரம்
ஒரு முஷ்டி உயரம்தான்.
கையை நீட்டி மடக்கினால்
கீழே தொடுவானம், மேலே அது.
என் கொல்லையில் அந்த முஷ்டிக்குள்
மன்னாடியார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

ஆகவே வடக்கை ஊகித்தேன்.
முக்காலியைச் செங்கல்லில் ஏற்றி
ரசமட்டம் வைத்து
நட்சத்திரங்கள் எந்தப் பக்கம் வழுக்குகின்றன என்று பார்த்து
திருகைத் திருகி
மறுபடி பார்த்து.
தை முழுக்க எடுத்ததில் ஒன்றுகூடப் புள்ளியாக இல்லை.
எல்லாம் புழுங்கலரிசி.

தையில் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு.
ஆனால் கணவாய்க் காற்று
கிழக்கிருந்து வந்து ஓட்டைப் பிரித்துப் பார்க்கும்.
சித்திரையில் காற்று நிற்கும்,
மேகம் வந்து உட்காரும்.
நடுவில், மாசிக் கடைசியில், நிலவும் இல்லாமல்
ஒன்பது ராத்திரிகள்.
அவற்றில் நான்கில் எனக்குப் பால் குளிரூட்டு நிலையத்தில்
நைட் டியூட்டி.

கேமரா பொள்ளாச்சிக் கல்யாணப் போட்டோகிராபரிடம் வாங்கியது.
ஒன்றேகால் லட்சம் தடவை திறந்து மூடிய கண்.
அதில் முதல் வாரமே கண்டேன்:
இடது மூலையில், எந்த வரைபடத்திலும் இல்லாத
ஒரு சிவப்பு நட்சத்திரம்.
மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை.
நான்காம் நாள் மைமூனிடம் சொன்னேன்.
ஐந்தாம் நாள்தான் இருட்டுப் படம் எடுக்கப் படித்தேன்.
லென்ஸுக்கு மூடி போட்டு, அதே சூட்டில், அதே ஒரு நிமிடம்,
ஒன்றுமில்லாததை முப்பது முறை.

“மூடிய எடுக்கவே இல்லையே நீங்க” என்றாள்.
எடுக்கக் கூடாது என்றேன்.
கேமராவின் சொந்தக் காய்ச்சலைத் தனியே பிடித்து
வானத்திலிருந்து கழிக்க வேண்டும்.
மூடிக்கு உள்ளேயும் இருந்தது
இடது மூலையில் என் நட்சத்திரம்.
எத்தனை மணப்பெண்களின் கன்னத்தில் இருந்ததோ.

அடுத்தது கரினா.
பெயரைச் சொன்னதும் மைமூன் ஒரு பார்வை பார்த்தாள்.
தெற்கே, கொல்லங்கோட்டு மலைக்கு மேலே
ஏறக்குறைய ஒரு சாண் ஏறி, உடனே இறங்கத் தொடங்கும்
வாயுக் கூட்டம் என்று விளக்கினேன்.
மலைக்கும் எனக்கும் நடுவே
விலாசினி சேச்சியின் போர்ட்டிகோ விளக்கு.

போய்க் கேட்டேன்.
“மோன் இன்னு போகுகயாணு” என்றார்.
ஒன்பது மணிக்கு டாக்சி. அதற்குப் பிறகு அணைக்கலாம்.
ஷிபினின் பெட்டியை டிக்கியில் வைக்க நானும் ஒரு கை கொடுத்தேன்.
கார் திரும்பியதும் விளக்கு அணைந்தது.
அவர் வாசலிலேயே நின்றார்.
அதுவரை என் தெருவில்
இருட்டு இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது.

பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கினேன்.
நிமிடத்துக்கு ஒன்று. நூற்று நாற்பது.
பனி லென்ஸில் இறங்காமலிருக்க
சைக்கிள் டியூபில் ரெசிஸ்டர்களைச் சுற்றிய என் கைவேலை
லேசாகக் கருகிய வாடை.
நடுவில் சேச்சி மதிலோரம் வந்து
கேமராவின் முதுகை எட்டிப் பார்த்தார்.
சாம்பல், அதில் கொஞ்சம் அழுக்கு.
“ஒந்நும் இல்லல்லோ.”

விடிந்து கணினியில் அடுக்கியபோது
ரோஜாப்பூ நிறத்தில் மெல்லக் கசிந்து வந்தது அழுக்கு.
ஒரு பிளவு, அதன் இரு கரை,
மிளகு தூவியது போல நட்சத்திரங்கள்.
நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
பிறகுதான் பட்டியலில் கவனித்தேன்.
அறுபத்தொன்றில் ஒரு சாய்ந்த கோடு,
கோட்டோடு சிவப்புப் பொட்டுகள்.
பன்னிரண்டு நாற்பத்தாறு.
கோவையிலிருந்து சார்ஜா.
நூற்று நாற்பதில் ஒன்றில் மட்டும் இருப்பதால்
மென்பொருள் அதைப் பிழையென்று
கேட்காமலே தள்ளியிருந்தது.

கரினாவைக் காட்டினேன். “கொள்ளாம்” என்றார் சேச்சி.
அறுபத்தொன்றை டவுனில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.
கறுப்புத் தாள், குறுக்கே ஒரு கீறல்.
கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு
எந்தப் பக்கம் மேற்கு என்று கேட்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு
அவர் விளக்கு தானாகவே அணைந்ததாம்.
மைமூன்தான் சொன்னாள்.
எனக்கு அன்று நைட் டியூட்டி.