தொழு

பெயர்ப்பலகையில் 'நோய்' என்ற இரண்டெழுத்தைத்
துரு தின்றுவிட்டது.
குளச்சலின் உப்புக்காற்றுக்கு அதுதான் வேலை.
மிச்சமிருப்பது
தொழு       இல்லம்.
பெயிண்டுக்கு எழுதிப்போட்டு நாலு வருடம்.

ஞாயிறு, ஆறரை மணி.
கடற்கரைக் கோயிலின் ஒலிபெருக்கி
பிரசங்கத்தை மேட்டுக்கு ஏற்றிவிடுகிறது.
வழியில் பாதியைக் காற்று பறித்துக்கொள்கிறது.

"ஆதிச் சபையாருக்குக் கோயில் என்று ஒன்று…"
காற்று.
"…சாமியில்லாதவர்கள் என்றே ஊரார் அவர்களை…"
காற்று.

பேசினில் வெந்நீர், பெர்மாங்கனேட் இரண்டு துணுக்கு.
ஊதா நூலாக இறங்கி, கலைந்து, ரோஜாநிறம்.
தாசையன் இடதுகாலை வைக்குமுன்
என் முழங்கையை முக்கிப் பார்க்கிறேன்.
அவர் காலுக்குரிய சூடு
என் தோலில்தான் இருக்கிறது.

"பிள்ளே, இண்ணைக்கும் கோயிலுக்குப் போவல்லியா?"
"டூட்டியாக்கும்."

வராதவர் பட்டியலில் என் பெயர் முதலில்.
பாடகர் குழுவில் நிற்கும் என் வீட்டுக்காரருக்கு
அது ஒரு தலைக்குனிவு.

பத்தாம் வகுப்பில் பரிசாகக் கிடைத்த அகராதி
இன்னும் என்னிடம் உண்டு.
தொழில், தொழு, தொழுகை, தொழுநோய், தொழுவம்.
கூலியும் கும்பிடும் புண்ணும் மாட்டுக்கொட்டிலும்
ஒரே பக்கத்தில்
ஒன்றின் மடியில் ஒன்று தலைவைத்து.
பிள்ளையை எங்கே கிடத்தினார்கள் என்று நினைத்தால்
அதில் வியக்க ஒன்றுமில்லை.

இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.
எனக்குச் சம்பளம் உண்டு.
பதினொரு வருடமும் கைக்கு இரட்டை உறை.
நோய் எப்போதோ போய்விட்டது, புண் மட்டும்தான் என்று
புதிய நர்சுகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன்,
உறையைக் கழற்றாமல்.

"…நின்றபடி, கிழக்கே பார்த்து,
கையைக் குவிக்காமல் விரித்து…"

தாசையன் பனையேறியவர்.
பாளையைச் சீவிய விரல்கள் ஒன்றுமில்லை.
ஜெப நேரத்தில் இரண்டு கைகளையும்
போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார்.
குவிக்க முடியாதது ஒரு வெட்கம்.
கட்டுப் பிரிக்கும்போது மட்டும்
முழுதாக நீட்டுவார், அகலமாக,
வேளிமலைப் பக்கமிருந்து வரும் வெயிலுக்கு நேராக.

நான் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் நாளை முதல்
அதற்கென்றே நீட்டுவார்.

"…விதவைகளைத்தான் கடவுளுடைய
பலிபீடம் என்று அழைத்தார்கள்…"

அடுத்த கட்டிலில் அமலோற்பவம் சிரித்துவிட்டார்.
கொடிமுனையில் மீன் விற்றவர்,
கட்டியவர் கடலோடு போனவர்.
"கேட்டியா, என்னையாக்கும் சொல்லுகாரு.
பீடத்துக்கு நகம் வெட்டணும், வா."
வெட்டினேன்.
பெருவிரல் நகம் கொம்புபோல, இரண்டு பிளேடு ஆயிற்று.

"…வரமுடியாதவர்களுக்குரிய அப்பத்தை
அவரவர் இருக்கும் இடத்துக்கே…"
கரண்டு போயிற்று.
மின்விசிறி நின்ற பிறகு
கடல் கேட்டது, பக்கத்தில் இருப்பதுபோல.
யார் கொண்டுபோனார்கள், எதில் பொதிந்து,
கதவைத் தட்டினார்களா, தெரியவில்லை.

எட்டேகாலுக்கு ரொட்டி வந்தது,
ஓரம் கருகிய பேக்கரி ரொட்டி.
அமலோற்பவம் ஒரு முனையைக் கடைவாயில் கவ்வி
மணிக்கட்டு இரண்டாலும் இழுத்துப் பிய்க்கிறார்.
பெரிய பாதியை என் பக்கம் தள்ளுகிறார்.
எப்போதும் தள்ளுவார்.
"சாப்பிட்டாச்சு" என்பேன்.
சாப்பிட்டிருக்க மாட்டேன்.

உறை ஈரத்தில் ஒட்டிக்கொண்டது,
கழற்ற நேரமாயிற்று.
அவர் வாய் பட்ட ஓரம் நனைந்திருந்தது.
அந்த ஓரத்திலிருந்தே தின்றேன்.
தொண்டையில் விக்கியது.
தாசையன் மணிக்கட்டால் டம்ளரை நகர்த்தினார்.

கீழே மைக்குக்கு உயிர் வந்து
ஏதோ ஒரு சொல்லைச் சொன்னது.
ஆமென் என்றா, அமருங்கள் என்றா,
காற்று சரியாகக் கொடுக்கவில்லை.

ரோஜாநீர் பழுப்பாகிவிட்டது.
மாற்ற வேண்டும்.
இன்னும் ஏழு பேருடைய கால் பாக்கி.