கங்கு

கடைசிப் பந்தி எழுந்தபோது மணி பதினொன்று.
அண்டாக்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு
கானாடுகாத்தான் கல்யாண வீட்டின் பின்கட்டில்
குழாயடியில் உட்கார்ந்தோம் மூன்று பேர்.
ஒரு முழு பாட்டில், மீந்த மசாலாச் சீயம்,
யாரோ பாதி குடித்து வைத்த சோடா.
என் பங்கு எத்தனை என்று அப்போது எண்ணவில்லை.

எண்ணத் தொடங்கியது நாலேகாலுக்கு,
சட்டைப்பையில் அலாரம் அடித்தபோது.
விடியுமுன் தேவகோட்டையில் அடுப்பு மூட்டவேண்டும்.
வேறு வீடு, வேறு பெண்,
அதே பால்பணியாரம்.

ஒரு பெக்குக்கு ஒரு மணி நேரம் என்பான் ராயப்பன்.
அவன் பெக் எது, பாட்டில் மூடியா, பிளாஸ்டிக் டம்ளரா?
நாலு என்று வைத்தால் மூன்றரைக்கே தீர்ந்திருக்கும்.
ஐந்து என்று வைத்தால், இதோ, நாலரை.
ஆறை நான் வைக்கவே இல்லை.
கடன் வாங்கியவனே பேரேடும் எழுதினால்
பாக்கி எந்தப் பக்கத்தில் நிற்கும்?

எலுமிச்சை பிழிந்து குடித்தேன்.
கடுங்காப்பி. குழாய்க்கு அடியில் தலை.
முகம் விழித்துக்கொண்டது.
உள்ளே ஈரல் என்றொரு கணக்கப்பிள்ளை,
கையூட்டு வாங்காத ஆள்,
விரலில் எச்சில் தொட்டு
ஒவ்வொரு தாளாக எண்ணிக்கொண்டிருந்தான்.
அவசரப்படுத்தினால் அவனுக்குக் காது கேட்காது.

பட்டாலையில் விளக்கு எரிந்தது.
ஆத்தங்குடிக் கல்லின் சிவப்புக் கரையைப் பிடித்து
விரலுக்கு முன் குதிகால் வைத்து நடந்தேன்.
பதினெட்டுக் கல். ஒரு பூவைக்கூட மிதிக்கவில்லை.
தூணைத் தொடாமல் ஒற்றைக்காலில் நின்றேன்.
வண்டி நம்பரைப் பின்னாலிருந்து சொன்னேன்.
எல்லாவற்றிலும் பாஸ்.
பரீட்சை வைத்தது நான், திருத்தியதும் நான்.
தெளிந்துவிட்டதா என்று
போதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அது நல்ல தெளிவாகப் பதில் சொன்னது.

இதற்குமுன் எத்தனை விடியல்
இதே நாலேகாலில் கிளம்பியிருக்கிறேன்.
ஒன்றும் ஆனதில்லை.
ஒன்றும் ஆகாததை எல்லாம்
திறமை என்று வரவில் எழுதி வந்தேன்.

வேனில் அண்டாக்களுக்கு நடுவே ஒன்பது பேர்.
ஒருத்தன் வாய் திறந்தபடி,
ஒருத்தி ஜல்லிக்கரண்டியைக் கட்டிக்கொண்டு.
வெள்ளையம்மாள் மட்டும் தூங்கவில்லை.
காய் நறுக்குகிறவள், என்னைவிடப் பத்து வயது இளையவள்.
கிட்டே வந்து நின்றாள்.
"ஊதுங்கண்ணே."
ஏலக்காய் மென்ற வாயால் ஊதினேன்.
மூக்கைச் சுளிக்கவில்லை. சொன்னாள்:
"மேலே சாம்பலாத்தான் இருக்கு.
கைய வச்சா சுடும்."

சாவியை நான் கொடுத்தேனா, அவள் எடுத்தாளா,
சரியாக ஞாபகமில்லை.
அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

மூன்று வருடமாக மஞ்சப்பையில் கிடந்த லைசென்ஸ்.
பள்ளத்தூருக்குள் இரண்டு தடவை வண்டி அணைந்தது.
தலைமைச் சமையல்காரர் செல்லப்பன் விழித்து
"பொம்பளப் புள்ள கையிலயா குடுத்தே" என்றார்,
பதிலுக்குக் காத்திராமல் தூங்கிப்போனார்.
நான் பக்கத்து இருக்கையில்,
கிளட்ச், கிளட்ச் என்று வாய்க்குள்ளேயே.

கோட்டையூர் தாண்டி, விளக்கில்லாமல்,
பால் கேன் கட்டிய ஒரு மொபெட்
சந்திலிருந்து ரோட்டுக்கு நழுவியது.
பிரேக்.
பின்னால் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதி
கோயில்போல் ஒலித்தன.
பால்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

வண்டி நின்றது.
அதற்குப் பிறகுதான்
என் வலது கால்
பிரேக் இல்லாத வெறுந்தகட்டை
ஓங்கி மிதித்தது.

நடுவில் கிடந்த நேரம்
ஒரு பால்காரர் அகலம்.

அவள் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தாள்.
தேவகோட்டையில் இறங்கும்வரை அந்தக் காலை மடக்கி
இடது தொடைக்கு அடியில் போட்டு
உட்கார்ந்திருந்தேன்.