சாமை காயும் வளைவு

ஆலங்காயம் தாண்டி
காவலூர்ச் சாலை மேலேறத் தொடங்கும் இடத்தில்
வண்டியை நிறுத்தி டயரைத் தடவிப் பார்த்தேன்.
நடுப்பட்டை மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது.
இரண்டு ஓரத்திலும்
வாங்கிய நாளின் ரப்பர் மயிர்
அப்படியே.

பதினோரு வருடமாக ஆம்பூரில்
ஷூ கம்பெனியில் அடிப்பாகம் சோதிக்கிறவள் நான்.
திரும்பி வந்த ஜோடியைக் கவிழ்த்தால் போதும்,
போட்டவர் எந்தக் காலை ஊன்றுவார்
எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லிவிடுவேன்.
இந்த டயரும் சொல்கிறது:
ஓட்டுகிறவள் நேர்ச்சாலையில் கெட்டிக்காரி.
வளைவு வந்தால் பிரேக்கைத் தேடுகிறாள்.

பின்னால் எபினேசர்.
வண்டி இடப்பக்கம் சரிந்தால் இவர் வலப்பக்கம் நிமிர்வார்,
கவிழப்போகும் பரிசலைத் தனியாளாகக் காப்பாற்றுகிறவர் மாதிரி.
எழுபத்தெட்டு கிலோ
ஒவ்வொரு திருப்பத்திலும் என்னோடு வாதாடும்.
“நீங்க மூட்டையா உட்காருங்க, அது போதும்.”
“மூட்டைக்குப் பயம் கிடையாதேம்மா.”

எனக்கே புரிய நாளாயிற்று.
வலப்பக்கம் திரும்ப
வலக் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும்.
முன்சக்கரம் ஒரு கணம்
எதிர்த்திசையில் முகத்தைச் சுளித்துக்கொள்ளும்,
அப்புறம் முழு வண்டியும் வலப்பக்கம் விழச் சம்மதிக்கும்.
விழுவதைத்தான் திரும்புவது என்கிறோம்.
மிச்சத்தை விழாமல் தாங்குவது ஆக்ஸிலேட்டர்.
யாராவது வாயால் சொல்லியிருந்தால்
சண்டைக்குப் போயிருப்பேன்.

வெளிப்பக்கக் காலை அழுத்தி,
முட்டியால் டாங்கைக் கவ்வி,
தோளை மலைக்கு ஒப்படைத்து,
முழங்கைகளை மட்டும் தளர விட்டு.
கண் மைல்கல்லில் இருந்தால்
மைல்கல்லுக்குத்தான் போய்ச் சேருவோம்.
கண் அதற்கும் அப்பால்,
சாலை மறைகிற புளியமரத்துக்கும் அப்பால்,
இன்னும் வராத இடத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது வளைவில் வந்தது.
நான்காவதில் வரவில்லை.
ஐந்தாவதில் இடப்பக்கம் நன்றாகப் படுத்துவிட்ட பிறகு பார்க்கிறேன்,
சாலையின் அகலத்துக்கும் சாமைத் தாள்.
கார்த்திகை மழை விட்டு இரண்டு நாள் ஆன வெயிலில்
பொன்னாய், வழவழவென்று.

விரல் பிரேக்குக்குத்தான் ஓடியது.
சரிந்த வண்டியில் பிரேக் போட்டால்
பக்கவாட்டில் நாமே தாளாய்ப் பரவிக் கிடப்போம்.
முதலில் நிமிர்த்து.
நிமிர்த்தினேன்.
அப்புறம் மெல்ல, பின்சக்கரம் மட்டும்.
ஒருமுறை வால் ஆட்டிவிட்டு நின்றது.

இவ்வளவு நேரமும்
எபினேசர் ஒன்றும் செய்யவில்லை.
அந்த ஒன்றும் செய்யாமையை
முதுகில் உணர்ந்தேன்.

கல்லூரி டி-ஷர்ட் போட்ட பெண்ணொருத்தி
மிளாறால் கோழி விரட்டிக்கொண்டிருந்தாள்.
நான் திட்ட வாயெடுப்பதற்குள் அவள் திட்டினாள்:
“எதுக்கு நின்னீங்க? ஏத்திப் போங்கக்கா.
மிதிபடத்தானே போட்டிருக்கு.
பஸ்ஸு இன்னிக்கு வரல.”

பஸ்ஸுக்குப் பதில் நான்.
முதல் கியரில், நேராக, போய்த் திரும்பி, போய்த் திரும்பி.
எபினேசர் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு
கவைக்கோலால் தாளைப் புரட்டிப் போட்டார்.
நாற்பது நிமிடம்.
கதிர்கள் டயருக்கடியில் நொறுங்குவது
அப்பளம் உடைக்கும் சத்தம்.
கூலி கேட்டேன் விளையாட்டாக.
“அளந்துட்டுச் சொல்றேன்” என்றாள் அவள்,
விளையாட்டில்லாமல்.

இறக்கத்தில் யாரும் பேசவில்லை.
ஒரு திருப்பத்தில் அவர் ஹெல்மெட்
என் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது,
நான் எட்டிப் பார்த்த அதே தோளின் மேல்.
“சாரி” என்றார்.
“அப்படியே இருங்க” என்றேன்.

வீட்டு வாசல் பல்பு வெளிச்சத்தில்
டயரைத் தடவினேன்.
பள்ளத்தில் சிக்கிய சாமை நாலு மணி.
இடப்பக்க ஓரம் சொரசொரவென்றிருந்தது, மயிர் போயிருந்தது.

வலப்பக்கம் அப்படியே இருந்தது.
அந்தப் பக்கம்
லாரி வரும்.