மூன்றாம் நம்பர் கைப்பிடி

புதுசு வந்து பதினோரு நாள் ஆகிறது.
வெள்ளை நிறம். டிவிக்குப் பக்கத்தில்
இட்லிக் குண்டா உயரத்துக்கு நிற்கிறது.
விலையைக் கேட்டுவிட்டுக் கொழுந்தனார்
கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்தார்.
"அண்ணி, இதுக்கு ரெண்டு ஓவர்லாக் மெசின் வாங்கிருக்கலாமுங்க."
பழசாயிருந்தால், என்றேன்.

அனுப்பர்பாளையத்தில், பாத்திரக்கடை மாடியில்
மணிக்கு அறுபது ரூபாய் வாங்குகிறவள் நான்.
கருத்துச் சொல்ல எனக்கென்ன வந்தது?
ஆனால் ஆறு வருடமாய் இரவு ஷட்டரை இழுக்கும் முன்
கைப்பிடிகளைத் துடைப்பது நான்தான்.
(பையன்கள் கன்ட்ரோலர் என்பார்கள்.
எனக்குக் கைப்பிடி.)
பனியன் வேஸ்ட்டில் ஸ்பிரிட் தொட்டு ஒரு சுற்று.
துணியில் மெசின் எண்ணெய் வந்தால் கம்பெனி ஆள்.
ஊதா வந்தால் வீரபாண்டிச் சாயப்பட்டறை.
புரோட்டா வந்தால் என் மகன்.

புதுக் கைப்பிடியின் விசையை அழுத்தினால்
அதுவும் திருப்பி அழுத்துகிறது.
வில்லை இழுத்தால் நாணின் பிடிவாதம்,
பிரேக் மிதித்தால் பிரேக்கின் முரட்டுத்தனம்,
எல்லாம் ஒரே விரலுக்கு.
"மழைங்க்கா! கைக்குள்ளயே பெய்யுது!"
கவின்பிரசாத் கத்தினான்.
வாங்கிப் பார்த்தேன். உண்மைதான்,
உள்ளங்கையில் பொடிப் பொடியாய்த் தூறல்.
ஜன்னலுக்கு வெளியே சித்திரை வெயில்
தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகனை இழுத்துப்போக வந்தாள் ரஞ்சிதம்.
ஒரு வாட்டி பிடிச்சுப் பாருங்க என்று கொடுத்தேன்.
அதிர்ந்ததும் சூடு பட்டவள் மாதிரி நீட்டிவிட்டாள்.
"காலைல எட்டரைல இருந்து
பவர் டேபிள்ல இதே நடுக்கந்தானுங்க.
அங்க அதுக்குக் காசு குடுக்கறாங்க.
இங்க நாம குடுக்கோணுமாக்கும்!"
டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.
பதினாலு மொழியில் என்னென்னவோ போட்டிருந்தது,
இதற்குப் பதில் இல்லை.

செவ்வாய் இரவு சம்பத் வந்தார்.
கட்டிங் மாஸ்டர்.
இடது கட்டைவிரல் முதல் கணுவோடு முடிந்துவிடும்.
மிச்சத்தை ஒரு பேண்ட் நைஃப்,
நாற்பது அடுக்கு பச்சைத் துணியோடு சேர்த்து வெட்டிக்கொண்டது.
கார் ரேஸ் மட்டும்தான் ஆடுவார்,
எப்போதும் பழைய மெசினில்,
எப்போதும் மூன்றாம் நம்பர் கைப்பிடியில்.
அதன் இடது குச்சி கெட்டுப்போனது.
தொடாமலே வண்டி இடப்பக்கம் சாயும்.
பையன்கள் அதைச் சீந்தமாட்டார்கள்.

அன்றைக்குப் புதுசில் உட்காரவைத்தோம்.
முதல் வளைவிலேயே சுவர். அடுத்ததிலும் சுவர்.
பன்னிரண்டு வண்டியில் பன்னிரண்டாவதாக வந்தார்.
மெதுவாகக் கீழே வைத்தார்,
உறம்பரை வீட்டுப் பீங்கானை வைக்கிற மாதிரி.
"நல்ல சாமானுங்க. ஒரு குத்தமுமில்ல.
அதானுங்க தொந்தரவு."

எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது.
அந்த அரை விரலால் வலப்பக்கம் தள்ள முடியும்.
இடப்பக்கம் இழுக்க நுனி வேண்டும்.
இல்லாத நுனியின் வேலையைத்தான்
மூன்றாம் நம்பர் இத்தனை நாள் பார்த்துவந்திருக்கிறது,
கேட்காமல்,
கெட்டுப்போனது என்ற பேரோடு.

மாதக் கடைசியில் கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக் வந்தான்.
பையைத் திறந்து ஒவ்வொன்றாய்க் கழற்றினான்.
"இந்த மூணாம் நம்பரு குச்சி போச்சுங்க.
முன்னூறு ரூவா, மாத்தியுட்றட்டுங்களா?"
ஸ்குரூ டிரைவர் ஏற்கனவே உள்ளே போயிருந்தது.

"எடுங்க அத," என்றேன்.
என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

திரையில் யாரும் தொடாத வண்டி ஒன்று
இடப்பக்கமாய்
வட்டமடித்துக்கொண்டிருந்தது.